மின்தடை அறிவிப்பும் சர்வர் டிஸ்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் 'நாளை மின்தடை' என்றொரு பெட்டிச் செய்தி வருகிறது. தச்சநல்லூர், மேலப்பாளையம், சமாதானபுரம் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக இருக்கும். காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்று நேரமும் இருக்கும். வீட்டில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைக்க அந்த ஒரு நாள் அவகாசம் போதும். சர்வரில் டிஸ்க் கூட்டும் வேலையை நேற்றே ஆரம்பித்து விட்டவர்களுக்கு அது போதாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே, அந்த வேலையைத் தரவு போகாமல் செய்யும் முறையையும் எழுதுகிறோம். டவுன் ரத வீதி ஜவுளிக்கடை, ஹைகிரவுண்டு பக்கத்து ஸ்கேன் சென்டர், பள்ளி அலுவலகம், கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோ என்று இன்றைக்குச் சர்வர் இல்லாத இடம் குறைவு.

சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது, என்ன செய்ய என்று கேட்டால் இங்கே இரண்டு பதில் கிடைக்கும். ஒருவர், "எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் புதுசாப் போடணும் அண்ணாச்சி" என்பார். இன்னொருவர், "டிஸ்க்கச் சொருகுனா அதுவா ஏறிக்கிடும், ஒண்ணும் ஆவாது" என்பார். இரண்டும் தப்பு. இருக்கிற தரவை வைத்துக்கொண்டே கொள்ளளவைக் கூட்டலாம். ஆனால் அதற்கு எல்லா டிஸ்க்கும் ஒரு நாளுக்கு மேல் ஓயாமல் ஓட வேண்டும். ஆபத்து முழுக்க அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

ரெய்டு என்றதும் வருமான வரிக்காரர்கள் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை, இது வேறு. சாதாரண டிஸ்க்குகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி, ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பெயர் வந்தது. இங்கே அதிகம் பார்க்கக் கிடைப்பது ரெய்டு 1, ரெய்டு 5. ரெய்டு 1-ல் இரண்டு டிஸ்க்கும் ஒரே நகல். ரெய்டு 5-ல், மொத்த டிஸ்க்கில் ஒன்றின் அளவு, செத்த டிஸ்க்கில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் பாரிட்டி கணக்குக்குப் போய்விடும், மிச்சம் நமக்கு. 4 டெராபைட் டிஸ்க் மூன்று இருந்தால் 8 டெராபைட். நான்காவது சேர்த்தால் 12. திரையில் 7.27 என்றும் 10.91 என்றும்தான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுக்கிறது. ரெய்டு 1-ல் மூன்றாவது டிஸ்க்கைச் சேர்த்தால் இடம் கூடாது, இன்னொரு நகல்தான் கிடைக்கும். இடம் வேண்டுமென்றால் அதை முதலில் ரெய்டு 5 ஆக மாற்றிவிட்டுப் பிறகு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் இதைச் செய்யும்.

டிஸ்க் சேர்த்ததும் உள்ளே நடப்பது என்ன? மூன்று டிஸ்க்கில் பரவிக் கிடக்கிற தரவை எல்லாம் படித்து, பாரிட்டியைத் திரும்பக் கணக்கிட்டு, நான்கிலும் பிரித்து எழுதியாக வேண்டும். படிப்பதும் எழுதுவதும் அதே டிஸ்க்குகள் என்பதால் வேகம் விழும். நொடிக்கு 40 மெகாபைட் என்று ஓடினால் 4 டெராபைட் டிஸ்க்குக்கு ஏறத்தாழ 28 மணி நேரம். ஐந்து வருடமாக மெதுவாக ஓடிப் பழகிய டிஸ்க் 28 மணி நேரம் முழு மூச்சில் ஓடும்போது, அதுவரை யாரும் தொடாத ஒரு மூலையில் இருக்கும் கெட்ட செக்டர் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு கட்டம்) அப்போதுதான் வெளியே வரும். அந்தக் கட்டத்தில் ஒரு டிஸ்க் போனால் ரெய்டு 5 தாங்கும். இரண்டு போனால் தாங்காது.

ஆகவே முதல் வேலை பேக்கப். ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்பது இந்தத் தொழிலில் தினமும் கேட்கும் கேள்வி. டிஸ்க் கெடுவதிலிருந்து மட்டும்தான் ரெய்டு காப்பாற்றும். ஊழியர் தவறுதலாக அழித்தது, பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் பூட்டியது, தண்ணீரில் மூழ்கியது எதையும் அது அறியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அதே பெருமழைக் காலத்தில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததே, அதுபோல் வரும்போது தரைத்தளத்தில் சர்வரும் அதன் மேலேயே பேக்கப் டிஸ்க்கும் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்துதான் மூழ்கும். ஒரு பிரதி மாடியிலோ வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும். எடுத்த பேக்கப்பிலிருந்து பத்து ஃபைலையாவது, அதிலும் டாலி டேட்டாவையும் டேட்டாபேஸையும், வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே அதை பேக்கப் என்று சொல்லலாம். 8 டெராபைட்டை யு.எஸ்.பி. டிஸ்க்கில் நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எடுத்தால் 22 மணி நேரம் ஆகும். இதையும் நாள்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பழைய டிஸ்க்குகளைச் சோதிப்பது. இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றி ஸ்மார்ட் என்ற பதிவேடு வைத்திருக்கிறது. சாட்டா கேபிளில் இணையும் டிஸ்க்கில் 5, 197, 198, 199 ஆகிய நான்கு எண்களைப் பாருங்கள். 5 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் காத்துக் கிடப்பவை. 198, சோதனையிலும் படிக்க முடியாதவை. 197 ஒன்றாக இருந்தால்கூட அந்த டிஸ்க்கை மாற்றிவிட்டுத்தான் கொள்ளளவைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 199 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, கேபிளோ கனெக்டரோ கோளாறு; ஐம்பது ரூபாய்க் கேபிளுக்காக டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அடுத்து நீண்ட சோதனை ஒன்று ஓடட்டும், 4 டெராபைட்டுக்கு 8 மணி நேரம் போல ஆகும். பிறகு ரெய்டு முழுவதையும் ஒருமுறை படித்துப் பாரிட்டியோடு ஒப்பிடும் 'செக்'. டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் இது மாதத்தின் முதல் ஞாயிறன்று தானாகவே ஓடும்படி இருக்கும். சர்வரை ஞாயிறு அணைத்து வைப்பவர்களுக்கு அது ஒருநாளும் ஓடியிருக்காது.

புது டிஸ்க் வாங்கும்போது அளவு, பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். சற்றே குறைந்தாலும் ரெய்டு ஏற்காமல் போகலாம். எஸ்.எம்.ஆர். வகை வேண்டாம். ஓட்டு வேய்வதுபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை அது. தொடர்ந்து எழுதச் சொன்னால் திணறி நின்றுவிடும், ரெய்டு அதைச் செத்த டிஸ்க் என்று முடிவு கட்டிவிடும். நாஸ் பெட்டிக்கென்றே (நெட்வொர்க்கில் தரவு சேமிக்கும் பெட்டி) விற்ற சில டிஸ்க்குகள் இந்த வகை என்பது 2020-ல்தான் வெளியே தெரிந்து பெரிய சச்சரவானது. ஆகவே அட்டைப்பெட்டியில் இருக்கும் விளம்பரத்தை நம்பாமல், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளில், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாத வகையான சி.எம்.ஆர். என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கிலும் ஒரு வில்லங்கம். கெட்ட செக்டர் வந்தால் அது ஓரிரு நிமிடம்கூட விடாமல் முயன்று கொண்டிருக்கும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும். அதற்கு மேல் டிஸ்க்கை ரீசெட் செய்யப் பார்க்கும், கடைசியில் ரெய்டிலிருந்து தள்ளிவிடும். ரெய்டுக்கான டிஸ்க்குகள் 7 நொடியில் கைவிட்டுப் பிழை சொல்லிவிடும், ரெய்டு பாரிட்டியிலிருந்து சரிசெய்து கொள்ளும். ஏற்கெனவே டெஸ்க்டாப் டிஸ்க் போட்டு வைத்திருப்பவர்கள், லினக்ஸின் பொறுமையை 180 நொடியாகவாவது உயர்த்தி வைப்பது நல்லது.

சரி, மின்சாரம். லினக்ஸ் ரெய்டு, தான் எதுவரை முடித்தது என்று டிஸ்க்கிலேயே குறித்துக்கொண்டு போகும். பாதியில் கரண்ட் போனாலும், திரும்ப ஏற்றியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரெய்டு வேலையைத் தானே பார்க்கும் தனி ரெய்டு கார்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான். பிறகு மின்தடைக்கு ஏன் பயம் என்றால், மூன்று காரணம். சூடேறி ஓடிய பழைய டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாமல் போவது உண்டு. கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் ஏறி வருவதும் உண்டு. மூன்றாவது, ரெய்டு கார்டின் பேட்டரி செத்திருந்தால், அதன் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில், எழுதக் காத்திருந்த தரவு கரண்டோடு போய்விடும். 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒரு சர்வரைப் பத்து இருபது நிமிடம் தாங்கும். ஐந்து மணி நேரத் தடைக்கு ஜெனரேட்டர் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: சிறிய ஜெனரேட்டரின் அதிர்வெண் ஆடினால் யு.பி.எஸ். அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடி, கடைசியில் அணைந்துவிடும். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும், சர்வர் இருட்டில் கிடக்கும். முன்கூட்டியே மெயினை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஜெனரேட்டரே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தடை வரும் நாள் முன்பே தெரிந்தால் வேலையைத் தள்ளிப் போடலாம், அல்லது அன்று காலை எட்டரைக்கு முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு மாலையில் தொடரலாம்.

மின்சாரத்தோடு சேர்த்து ஏ.சி.யையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாயந்திரம் அலுவலகம் பூட்டும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம். டிஸ்க் கூட்டும் வேலையோ சனி இரவுதான் ஆரம்பமாகும். அக்னி நட்சத்திரக் காலத்தில் பூட்டிய அறைக்குள் நான்கு டிஸ்க் முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி செல்சியஸ் எல்லை என்று போட்டிருப்பார்கள். 45-க்குக் கீழே வைத்திருப்பது நிம்மதி. ஏ.சி. சுவிட்சின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, வாட்ச்மேனிடம் வாயாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி வேலை. டிஸ்க் செருகும் முன் ஒவ்வொரு டிரேயிலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நாலு எழுத்தை மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டுக் கெட்டதை உள்ளேயே விடுவதுதான் இந்தத் தொழிலில் தரவு போவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. ஸ்டிக்கர் இல்லையென்றால், சந்தேகப்படும் டிஸ்க்கிலிருந்து மட்டும் தொடர்ந்து படிக்கச் சொல்லுங்கள். எந்த டிரேயின் பச்சை விளக்கு விடாமல் துடிக்கிறதோ அதுதான்.

லினக்ஸில் எம்.டி.ஆட்ம் என்ற கருவி. முதலில் 'ஆட்' கொடுத்துப் புது டிஸ்க்கைச் சேர்த்தால் அது ஸ்பேராக, அதாவது உபரி டிஸ்க்காகப் போய் உட்காரும், இடம் கூடாது. "சொருகுனா ஏறிக்கிடும்" என்பவர் ஏமாறும் இடம் இதுதான். பிறகு 'குரோ' கொடுத்து, டிஸ்க் எண்ணிக்கை நான்கு என்று சொல்ல வேண்டும். பேக்கப் ஃபைல் எங்கே என்று கேட்டால் அதே ரெய்டுக்குள் இடம் காட்டக் கூடாது, தனி டிஸ்க்கையோ பென்டிரைவையோ காட்டுங்கள். ஓட ஆரம்பித்ததும், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்.டி.ஸ்டாட் ஃபைலைத் திறந்தால் எத்தனை சதவீதம் ஆயிற்று, இன்னும் எத்தனை நிமிடம் என்று தெரியும். அந்த வரியில் சதுர அடைப்புக்குள் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஆங்கில 'யூ' எழுத்து ஒன்று நிற்கும். நான்கு யூ நின்றால் சுகம். ஓர் இடத்தில் யூ போய் அடிக்கோடு வந்தால் ஒரு டிஸ்க் விழுந்துவிட்டது என்று பொருள்.

ஒரு நாள் ஆகியும் 2 சதவீதத்திலேயே நிற்கிறது என்ற புகாருக்குக் காரணம் கோளாறு அல்ல. ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருந்தால் லினக்ஸ் அவர்களுக்கு வழிவிட்டு, ரெய்டு வேலையை நொடிக்கு ஒரு மெகாபைட் என்ற குறைந்தபட்ச அளவுவரை இறக்கிவிடும். அந்த வேகத்தில் 4 டெராபைட் முடிய 46 நாள். குறைந்தபட்ச வேகத்தை 50,000 என்று உயர்த்துங்கள், அலகு கிலோபைட். ரெய்டு வேலைக்கு ஒதுக்கும் நினைவகமான ஸ்ட்ரைப் கேஷ் 256 என்று இருப்பதை 8192 ஆக்கினால் நான்கு டிஸ்க்குக்கு 128 மெகாபைட் ரேம் பிடிக்கும், வேகம் நன்றாகவே கூடும். முடிந்ததும் பழைய அளவுக்கே கொண்டுவந்து விடலாம்.

டெல் பெர்க், எச்.பி. ஸ்மார்ட் அர்ரே, மெகாரெய்டு போன்ற கார்டுகளில் மெனுவிலேயே வேலை முடியும். ரீகன்ஃபிகர், எக்ஸ்பாண்ட், மைக்ரேட் என்று கார்டுக்கொரு பெயர். பேட்டரியோ கேஷோ சரியில்லாவிட்டால் பல கார்டுகள் விரிவாக்கத்துக்கே ஒப்புக்கொள்ளாது. அதை ஏமாற்றிப் போக வழி தேடாமல் பேட்டரியை மாற்றுங்கள். இந்த மெனுவில் தொடக்கூடாத சொல் ஒன்று உண்டு, 'இனிஷியலைஸ்'. அது பூஜ்யம் எழுதித் துடைத்துவிடும். வேறு சர்வரிலிருந்து வந்த டிஸ்க்கை 'ஃபாரின்' என்று காட்டினால் 'இம்போர்ட்', 'கிளியர்' என இரண்டு தெரிவு வரும். தரவு வேண்டுமானால் இம்போர்ட்.

ரெய்டு பெரிதாகி முடிந்தாலும் ஃபைல் வைக்க இடம் வராது. வீட்டை விரித்துக் கட்டியாயிற்று, உள்சுவரை இன்னும் இடிக்கவில்லை. டிஸ்க்கின் பிரிவான பார்ட்டிஷன், அதன் மேல் இடத்தைப் பங்கிடும் எல்.வி.எம்., ஃபைல்களை அடுக்கும் ஃபைல் சிஸ்டம் என்று கீழிருந்து மேலாக ஒவ்வொன்றையும் நீட்ட வேண்டும். வரிசை மாறக் கூடாது. லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களான ஈ.எக்ஸ்.டி.4, எக்ஸ்.எஃப்.எஸ். இரண்டையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்டலாம். எக்ஸ்.எஃப்.எஸ்.ஸை நீட்டினால் பிறகு சுருக்க முடியாது. விண்டோஸில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்'. அது மங்கலாக இருந்து அழுத்த முடியவில்லையென்றால், பெரும்பாலும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் குறுக்கே கிடக்கும். டிஸ்க்கைப் பிரிக்கும் பட்டியல் பழைய எம்.பி.ஆர். முறையில் இருந்தால் 2 டெராபைட்டுக்கு மேல் ஒரு இன்ச் நகராது, புதிய ஜி.பி.டி. முறை வேண்டும். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்.டி.எஃப்.எஸ். 4 கிலோபைட் கிளஸ்டரில் (இடம் ஒதுக்கும் துண்டு) இருந்தால் 16 டெராபைட் எல்லை. இந்த மூன்றையும் வேலை தொடங்கும் முன் பார்த்திருந்தால் 28 மணி நேரம் ஓட்டிவிட்டுத் தலையில் கைவைக்க வேண்டியிராது. கடைசியாக எம்.டி.ஆட்ம் கான்ஃபிக் ஃபைலைச் சரிபார்த்து, லினக்ஸ் ஏறும்போது முதலில் படிக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ஒரு ரீஸ்டார்ட்.

டிரேயே காலி இல்லை என்றால் ஒவ்வொரு டிஸ்க்காகப் பெரிதாக மாற்றிக்கொண்டு போகலாம். கடைசி டிஸ்க் மாறும்வரை கொள்ளளவு ஒரு பைட்கூட ஏறாது. நான்கு டிஸ்க் என்றால் நான்கு முறை ரீபில்ட் (புது டிஸ்க்கில் தரவைத் திரும்ப எழுதுவது), ஒவ்வொரு முறையும் ரெய்டு 5 பாதுகாப்பின்றி நிற்கும். ஒரே ஒரு சாட்டா போர்ட் மிச்சமிருந்தாலும், பழைய டிஸ்க்கை எடுக்காமலே புதியதில் நகலெடுக்கும் 'ரீப்ளேஸ்' முறையில் செய்யுங்கள். 8 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள டிஸ்க்குக்குப் போகிறவர்கள் ரெய்டு 5-ஐ விட்டு, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-க்குப் போவதுதான் சரி என்பது எங்கள் தீர்ப்பு. சாதாரண டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கே, 12.5 டெராபைட் படித்தால் படிக்க முடியாத பிழை ஒன்று வரலாம் என்பதுதான். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. இருந்தாலும் நான்கு 8 டெராபைட் டிஸ்க்கில் ஒரு ரீபில்ட் 24 டெராபைட் படிக்கிறது.

இத்தனைக்கும் பிறகு இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால், முதலில் கையை எடுங்கள். ரெய்டு ஏறவில்லை என்று 'கிரியேட்' கொடுத்துப் புதிதாக உருவாக்குவதும், ஏறாத ரெய்டின் மேல் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்.எஸ்.சி.கே. ஓட்டுவதும், விண்டோஸ் கேட்கிறதே என்று டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்வதும் மீட்கக் கூடியதையும் மீட்க முடியாததாக்கிவிடும். டிஸ்க் வரிசையைக் குறித்துக்கொண்டு, அணைத்து, கேபிளைப் பாருங்கள். இரண்டும் ஒரே நொடியில் விழுந்திருந்தால் டிஸ்க்கைவிடக் கேபிள், பவர் சப்ளை மேல்தான் சந்தேகம் அதிகம்.

ஆசிரியர் அவர்களிடம் வேண்டுவது இதுதான். மாதாந்திரப் பராமரிப்பு எந்தத் துணை மின்நிலையத்தில் எந்தத் தேதியில் என்பதை மின்வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெற்று, ஒரு வாரத்துக்கான பட்டியலாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நெல்லை, தென்காசி பதிப்பில் வெளியிட இயலுமா? சனி இரவு தொடங்கும் வேலை திங்கள் காலைவரை நீளும். திங்களன்று தடை என்ற செய்தியை ஞாயிறு காலைப் பத்திரிகையில் பார்க்கும்போது எம்.டி.ஸ்டாட் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணி செய்வோர்,
பாளையங்கோட்டை.